சந்தா புதுப்பிப்பு குறைகிறது, செயற்குழு அசையவில்லை: என்ன செய்யலாம்?

வணக்கம். உங்கள் சங்கத்தில் சந்தாவைப் புதுப்பிப்பவர்கள் வருடா வருடம் குறைகிறார்கள், செயற்குழுவோ "மாநாட்டை இன்னும் பெரிதாக நடத்தினால் சரியாகிவிடும்" என்கிறது, புதிய செயலாளராக எங்கே தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள்.

மாநாட்டைப் பற்றி இப்போது வாதாட வேண்டாம். முதலில் உறுப்பினர் பதிவேட்டை எடுத்து, விலகியவர்களை அவர்கள் சேர்ந்த ஆண்டுவாரியாகப் பிரித்துப் பாருங்கள். மொத்த எண்ணிக்கையை வைத்து எதுவும் தெரியாது. சேர்ந்த முதல் வருடத்திலேயே நிறையப் பேர் கழன்றுகொள்கிறார்கள் என்றால் கோளாறு வரவேற்பில் இருக்கிறது. பணம் கட்டியதும் ரசீது போகிறது, அப்புறம் அடுத்த சந்தா நினைவூட்டல்தான். நடுவில் யாரும் ஒரு போன்கூடப் போடுவதில்லை. நீண்டகால உறுப்பினர்கள் போகிறார்கள் என்றால் அது வேறு பிரச்சினை. ஓய்வு பெறுகிறார்களா, தொழிலே மாறுகிறதா, நீங்கள் தரும் தகவலும் பயிற்சியும் வெளியே இலவசமாகக் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

விலகியவர்கள் சிலரிடம் செயற்குழு உறுப்பினர்களையே பேச வையுங்கள். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். நீங்கள் அறிக்கை கொடுத்தால் ஆயிரம் காரணம் சொல்லித் தட்டிக்கழிப்பார்கள். தங்கள் காதால் கேட்டதை அப்படித் தள்ள முடியாது.

பிறகு ஒரு மாற்றத்தை மட்டும் ஆறு மாதச் சோதனையாகக் கொண்டுவாருங்கள். எந்த நிலையில் தொடர்வது, எந்த நிலையில் நிறுத்துவது என்பதைத் தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள். தயங்குபவர்கள்கூட அதற்குக் கை தூக்குவார்கள். சந்தா வகை, பதவிக்கால வரம்பு போன்றவற்றுக்குச் சங்க விதிகளையே திருத்த வேண்டியிருக்கலாம். அதற்கான அறிவிப்புக் காலம், கோரம் (கூட்டம் செல்லுபடியாக வர வேண்டிய குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை), தேவையான பெரும்பான்மை ஆகிய மூன்றையும் இப்போதே பார்த்துவையுங்கள்.