பழைய கோயிலா, புதுக் கோயிலா?

ஐயா, வணக்கம்.

திருமணமாகி இருபத்தைந்து வருடம் ஆனதை ஒட்டி நானும் மனைவியும் நான்கு நாள் காத்மாண்டு போய்வந்தோம். மரத்தால் கட்டிய பழைய மண்டபமான காஷ்டமண்டபத்தின் முன்னால் நான் வாய்பிளந்து நின்றபோது, 2015 நிலநடுக்கத்தில் அது தரைமட்டமாகிவிட்டது, இது திரும்பக் கட்டியது என்றார் வழிகாட்டி. “அப்போ புதுசுதானே? இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?” என்றாள் மனைவி. எனக்குப் பதில் தெரியவில்லை. மறுநாள் பக்கத்து ஊரான பக்தபூரில் நியாதபோலா கோயில் படியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. பாதி இடம் பார்க்காமல் திரும்பினோம். எங்கள் இருவரில் யார் சரி?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பாதி இடம் பார்க்காததற்கு வருத்தப்படாதீர்கள். உங்கள் மனைவியின் கேள்விக்கு வருகிறேன்.

நீங்கள் பார்த்த தூண்களும் கூரையும் மறுகட்டுமானத்தில் எழுந்தவை. அதில் அவர் சொன்னது சரி. ஆனால் இடிந்த பிறகு அங்கே தொல்லியலாளர்கள் தோண்டினார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கட்டடம் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்ததன் அஸ்திவாரம் ஏழாம் நூற்றாண்டுக்குப் போனது. அதுவும் உறுதியாகவே இருந்தது. கோளாறு வேறிடத்தில். நடுவில் பாரம் தாங்கும் நான்கு பெரிய தூண்களில் ஒன்று அதற்கான அடிக்கல்லில் உட்காரவே இல்லை. பிற்காலத்தில் பழுதுபார்த்தவர்கள் அதைக் கவனிக்காமல் மேலே தளம் போட்டு மூடியிருக்கிறார்கள். பழசு தாங்கியது, ரிப்பேர் கவிழ்த்தது! நிலநடுக்கம் வந்த அன்று உள்ளே ரத்த தான முகாம் நடந்துகொண்டிருந்தது என்பதை நினைத்தால் இதைச் சிரித்துக்கொண்டு சொல்ல முடியவில்லை.

செங்கல், மரம், களிமண் சாந்து இவற்றால் கட்டும் காத்மாண்டுப் பள்ளத்தாக்கின் நேவார் மக்களுக்குக் கட்டடம் என்பது அவ்வப்போது பிரித்துச் சேர்ப்பது. மழைக்காலத்தில் ஓட்டிடுக்கில் புல் முளைக்கும், தண்ணீர் இறங்கும், உத்திரம் மக்கும். கெட்டுப்போன மரத்தை எடுத்துவிட்டு அதே அளவில் வேறொன்றைச் செதுக்கிப் பொருத்துவார்கள். அந்தக் கைவேலை தெரிந்தவர்கள் இன்றும் இருப்பதால்தான் காஷ்டமண்டபம் எழுந்தது. காத்மாண்டு ராணி போக்கரி குளத்தைச் சீரமைக்க கான்கிரீட் கொண்டுவந்தபோது ஊர்க்காரர்கள் தகராறு செய்து நிறுத்தினார்கள். எனக்கு அந்தத் தகராறு பிடித்திருக்கிறது.

சரி, நியாதபோலா. பழசுதான் வேண்டும் என்று கேட்டவர் சரியான இடத்தில்தான் போய் உட்கார்ந்திருக்கிறார். 1702-ல் பக்தபூர் அரசர் பூபதீந்திர மல்லன் கட்டிய ஐந்தடுக்குக் கோயில் அது. 1934, 2015 இரண்டு பெரிய நிலநடுக்கங்களிலும் உச்சியில் சேதம் ஆனதே தவிர, விழவில்லை. படியின் இரு பக்கமும் கீழே மல்யுத்த வீரர்கள், மேலே யானை, சிங்கம், அப்புறம் சிங்கமும் பறவையும் கலந்த உருவம், உச்சியில் தேவியர். ஒவ்வொன்றுக்கும் கீழே இருப்பதைவிடப் பத்து மடங்கு பலம் என்பார்கள். உள்ளே சித்தி லட்சுமி. பூசாரிகளைத் தவிர யாரும் போக முடியாது. ஆக, படியில் உட்காருவதுதான் அங்கே நமக்குக் கிடைக்கும் தரிசனம்.

இதை நானும் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன். நான் பட்டியலை வைத்துக்கொண்டு தத்தாத்ரேயர் கோயில், மயில் ஜன்னல் என்று ஓடிக்கொண்டிருந்தபோது என் மனைவி அதே படியில் இரண்டு மணி நேரம் இருந்தார். ஓட்டலுக்குத் திரும்பியதும் அந்தச் சதுக்கத்தில் யார் யாரிடம் பேரம் பேசினார்கள், எந்தப் பாட்டி எந்தச் சன்னிதியில் விளக்கு வைத்தார் என்று சொல்லிக்கொண்டே வந்தார். என்னிடம் நாற்பது புகைப்படங்கள் இருந்தன.

அடுத்த முறை பக்தபூரிலேயே ஓர் இரவு தங்குங்கள். பகல் கூட்டம் போன பிறகு, அதிர்ஷ்டம் இருந்தால், தெருவோர மண்டபங்களில் பெரியவர்கள் தாப்பா பஜனை பாடுவது கேட்கும். ஏப்ரலில் போனால் பிஸ்கெட் ஜாத்திரை என்ற புத்தாண்டுத் தேர்த்திருவிழா. பைரவர் தேரை மேலூர்க்காரர்களும் கீழூர்க்காரர்களும் ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். அவர்களுக்கும் நமக்கும் புத்தாண்டு பெரும்பாலும் ஒரே நாளில் வரும்.

மண்சட்டியில் விற்கும் ஜூஜூ தௌ சாப்பிட்டீர்களா? ‘ராஜா தயிர்’ என்று அர்த்தம். தயிர் என்றதும் என் மனைவி கைப்பையிலிருந்து ஊறுகாயை எடுத்துவிட்டார். அது இனிக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.