குரோம்பேட்டைங்கிற பேர் எப்படி வந்துச்சு?

"குரோம்பேட்டை மாதிரி அர்த்தமே இல்லாத பேருக்கெல்லாம் கூட வரலாறு இருக்குமா"ன்னு கேட்டிருக்கீங்க பாருங்க, அதுக்காகத்தான் நைட்டு பதினொன்றரைக்கு உட்கார்ந்து டைப் பண்றேன். நீங்க புதுசா வாடகைக்கு வந்திருப்பீங்கன்னு நினைக்கிறேன், தப்பா எடுத்துக்காதீங்க.

நான் பொறந்து வளர்ந்ததே அங்கதான். காலேஜ்ல பசங்க "டேய் கூகுள் குரோம்"னுதான் கூப்பிடுவானுங்க. உண்மையில பேர் வந்தது குரோம் லெதர் கம்பெனியால, சேம்பர்ஸ்னு ஒரு வெள்ளைக்காரர் நடத்தின தோல் கம்பெனி. பழைய முறையில ஆவாரம்பட்டை ஊறின தண்ணியில போட்டு வாரக்கணக்கா தோலைப் பதப்படுத்துவாங்க, குரோமியம் உப்புல போட்டா சில நாள்லயே வேலை முடிஞ்சு தோல் வெளிர் நீலமா வெளிய வரும். அந்த குரோம்தான் எங்க பேர்ல இருக்கு. எங்க தாத்தா அங்க வேலை பார்த்தவர். சாயங்காலம் அவர் வந்ததும் பாட்டி கொல்லைப்பக்கம் சீயக்காயோட நிப்பாங்களாம், குளிக்காம உள்ள விடமாட்டாங்க. ரிட்டயர் ஆகி பத்து வருஷம் கழிச்சும் வெத்தலை மடிக்கிறதுக்கு முன்னாடி விரலை ஒரு தடவை மோந்து பாப்பார், நானே பாத்திருக்கேன்.

உடனே ஒருத்தர் வந்து "பக்கத்துல பல்லாவரம் பல்லவர் பேரு சார்"னு ஆரம்பிப்பாரு. ஆமாங்க, மகேந்திரவர்மன் குடைவரை இருக்கு, 1863ல ராபர்ட் புரூஸ் ஃபுட்ங்கிற வெள்ளைக்கார நிலவியல் ஆய்வாளர் ஆதிமனுஷங்களோட கற்கோடாரி எடுத்ததும் அங்கதான், இல்லைன்னு சொல்லல. அப்துல் கலாம் படிச்ச எம்.ஐ.டி. இன்ஜினியரிங் காலேஜ் எங்க ஊர்ல இருக்கு, அதையும் சேத்துக்கோங்க.

தயவு செஞ்சு ஆவடிங்கிற பேர் பத்தின வாட்ஸ்அப் ஃபார்வர்டை மட்டும் கமெண்ட்ல போடாதீங்க. அங்க இருக்கிற ராணுவ டேங்க் ஃபேக்டரியோட இங்கிலீஷ் எழுத்துகளைச் சேர்த்து வச்ச பேராம். ஃபேக்டரி வந்தது 1960கள்ல, 1955லயே காங்கிரஸ் மாநாடு ஆவடியில நடந்தாச்சு. எங்க சித்தப்பா மூணு தடவை அனுப்பிட்டாரு, மூணு தடவையும் இதையே சொல்லிட்டேன்.

பேர்னாலே எனக்கு எரிச்சல் வர்றதுக்கு இன்னொரு காரணம் இருக்கு. இங்கிலீஷ்ல குரோமுக்கு அப்புறம் ஒரு 'ஈ' வருமா வராதான்னு இன்னிக்கு வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது. ஆதார்ல 'ஈ' இருக்கு, பாஸ்புக்ல இல்ல. அட்ரஸ் மேட்ச் ஆகலைன்னு லோன் ஃபார்மைத் திருப்பிட்டாங்க, ரெண்டும் ஒரே ஊர்தான் மேடம்னா "ப்ரூஃப் இருக்கா"ன்னு கேக்கறாங்க. ரயில்வே ஸ்டேஷன் போர்டை போட்டோ எடுத்துக் கொண்டுபோய்க் குடுத்தேன். ரெண்டு மாசமாச்சு, பேசிட்டு சொல்றோம்னு சொல்லிட்டே இருக்காங்க.