ட்ரூஃபோ வெறும் ரசிகரா? – வாசகர் கடிதம்

மதிப்புக்குரிய ஐயா,

நீங்கள் சொன்னதால், திகில் படங்களுக்குப் பெயர்பெற்ற இயக்குநர் ஹிட்ச்காக்கிடம் பிரெஞ்சு இயக்குநர் ட்ரூஃபோ அவருடைய படங்களைப் பற்றிக் கேட்டு உரையாடும் நூலை வாங்கி வாசித்தேன். ஏமாற்றம்தான். ட்ரூஃபோ குருவின் முன் சீடனைப் போல அமர்ந்திருக்கிறார். ஹிட்ச்காக்கோ கேமரா, விளக்கு என்றே பேசுகிறார். அந்த மனிதரின் உள்ளம் எங்கே?

அன்புள்ள நண்பருக்கு,

ஹிட்ச்காக்கின் ‘சபோட்டாஜ்’ (1936) படத்தைப் பற்றிய பக்கங்களை மறுபடி எடுத்து வாசியுங்கள். உள்ளே வெடிகுண்டு இருப்பது தெரியாமல் ஒரு சிறுவன் பொட்டலத்தைச் சுமந்துகொண்டு லண்டனில் போகிறான். நமக்குத் தெரியும். பஸ்ஸில் குண்டு வெடித்து அவன் இறக்கிறான். ஒரு குழந்தையை இப்படிச் சாகடிப்பது, சினிமாவின் வலிமையைத் தவறாகப் பயன்படுத்துவதற்கு மிக அருகில் போய்விடுகிறது என்கிறார் ட்ரூஃபோ. இந்த உரையாடல் நடந்த 1962 ஆகஸ்டில் அவருக்கு முப்பது வயது. எடுத்திருந்தவை மூன்றே முழுநீளப் படங்கள். எதிரே இருந்தவர் ‘சைக்கோ’வை எடுத்து முடித்தவர். சீடன் பேசும் பேச்சா இது? ஹிட்ச்காக் மழுப்பவில்லை. அது தன்னுடைய பெரும்பிழை என்று ஒப்புக்கொள்கிறார்.

மேஜைக்கடியில் குண்டு என்ற அவருடைய புகழ்பெற்ற உதாரணத்தை இதோடு சேர்த்துப் பாருங்கள். சிலர் மேஜையைச் சுற்றி அமர்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள்; அடியில் குண்டு. குண்டு இருப்பது நமக்குத் தெரியாவிட்டால் பதினைந்து விநாடி அதிர்ச்சி. தெரிந்திருந்தால் பதினைந்து நிமிடப் பதைப்பு. எல்லோரும் எடுத்துச் சொல்லும் பாடம் இது. ‘சபோட்டாஜ்’ அந்தப் பாடத்தை ஒரு பிசகும் இல்லாமல் பின்பற்றுகிறது. இருந்தும் அரங்கில் இருந்தவர்கள் கோபப்பட்டார்கள். பையன்மீது அவ்வளவு பரிவை வளர்த்துவிட்டு அவனைக் கொன்றதுதான் காரணம் என்று ஹிட்ச்காக்கே சொல்கிறார். இருட்டில் அமர்ந்திருக்கும் முகமறியாத மனிதருக்குத் தான் எவ்வளவு கடன்பட்டிருக்கிறோம் என்று இருபத்தாறு ஆண்டுகள் கழித்தும் கணக்குப் பார்க்கிறார். நீங்கள் தேடிய உள்ளம் எனக்கு இங்கேதான் தெரிகிறது. ‘சஸ்பிஷன்’ (1941) படத்தில் பால் தம்ளருக்குள் விளக்கு வைத்ததும் இருட்டில் இருக்கும் அந்தப் பார்வையாளரின் கண் வேறெங்கும் போய்விடக்கூடாது என்பதற்காகத்தான்.

இன்னொன்று: இருவருக்கும் இடையே ஹெலன் ஸ்காட் அமர்ந்து மொழிபெயர்த்தார். அந்தப் பேச்சு செப்பனிடப்பட்டு, பிரெஞ்சில் நூலாக 1966இல்தான் வந்தது. நீங்கள் பணிவு என்று கண்டதில் ஒரு பகுதி அந்தச் செப்பனிடுதலின் வழவழப்பாக இருக்கலாம்.

எனக்கும் ஒரு மனக்குறை உண்டு. ஹிட்ச்காக்கின் மனைவி அல்மா ரெவில் ‘சஸ்பிஷன்’ உட்பட அவருடைய பல படங்களின் திரைக்கதையில் பங்கேற்றவர். ஒவ்வொரு படமாக அவ்வளவு துருவிய ட்ரூஃபோ, அல்மாவைப் பற்றி இன்னும் நிறையக் கேட்டிருக்க வேண்டும்.

அன்புடன்.