ஸ்லிப் வந்துவிட்டது, காசு வரவில்லை!

கேள்வி: வாட்ஸ்அப்பில் கருவாடு விற்கிறேன். வெள்ளவத்தை, மட்டக்களப்பு என்று வெளியூர் ஓடர்தான் அதிகம். "அக்கா, காசு போட்டாச்சு" என்று ஸ்லிப்பைப் படம் எடுத்து அனுப்புகிறார்கள். சிலருடைய காசு வருவதே இல்லை. திரும்பக் கேட்கவும் ஒரு மாதிரி இருக்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, நிலாவெளி

பதில்: தங்கச்சி, மத்திய வீதியில் சாறிக்கடை வைத்திருக்கிறேன், இப்போது பாதி வியாபாரம் போனில்தான். ஸ்லிப் படத்தை நம்பிப் பார்சல் கட்டவே கட்டாதீர்கள். அதில் தொகையை மாற்ற ஒரு போன் போதும். கணக்குக்குக் காசு வந்தால் குறுஞ்செய்தி வரும்படி வங்கியில் பதிந்து வையுங்கள். வங்கிச் செயலி வழியே செஃப்ட்ஸ் (CEFTS) என்ற உடனடிப் பரிமாற்றத்தில் போட்டால் வேறு வங்கியில் இருந்தும் உடனே வந்துவிடும். வங்கிக்கு வங்கி காசு அனுப்பும் இன்னொரு முறையான ஸ்லிப்ஸில் (SLIPS) போட்டவருக்கு உண்மையாகவே தாமதமாகும், சண்டை பிடிக்காதீர்கள். "சரி, ஏறின உடனே அனுப்புறன்" என்றால் போதும்.

காசு கேட்கக் கூச்சம் வருவது பெரும்பாலும் விலையைத் துண்டு துண்டாகச் சொல்வதால்தான். நெத்தலி விலையை இன்று சொல்லி, குரியர் கூலியை நாளைக்குச் சொன்னால் யாருக்கும் முகம் சுருங்கும். "நெத்தலி ஒரு கிலோ, குரியரோடு மொத்தம் 2,850 ரூபா" என்று ஒரே செய்தியில் முடியுங்கள். அடுத்த செய்தியில் கணக்கு இலக்கம் மட்டும். பெயர், வங்கி, கிளை எல்லாம் அதற்கடுத்ததில். இலக்கம் தனியாக இருந்தால்தான் அவர் விரலை அழுத்திப் பிடித்து அப்படியே கொப்பி பண்ணலாம். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால், பார்த்துப் பார்த்து அடித்து ஓர் இலக்கத்தைப் பிழையாக்கிவிடுவார். குறிப்பு என்ற இடத்தில் தன் பெயரைப் போடச் சொல்லுங்கள். ஒரே நாளில் இரண்டு 2,850 வந்தால் எது யாருடையது?

வாட்ஸ்அப் பிசினஸ் செயலி இலவசம். இந்தச் செய்திகளை அதில் சேமித்து வைத்தால் '/' அடித்ததும் வந்து நிற்கும். காசு வராத ஓடர்களுக்கு லேபிள் ஒட்டி வைக்கலாம். வாட்ஸ்அப்புக்குள்ளேயே காசு அனுப்பும் வசதி இந்தியாவில் இருக்கிறது, நமக்கு இல்லை.

பார்சலைக் கொடுத்துக் குரியர்காரரே காசு வாங்கும் முறையை உங்கள் சாமானுக்குச் சொல்ல மாட்டேன். வாங்காமல் திருப்பிவிட்டால் என் சாறியை மடித்து அடுக்கிவிடுவேன். குரியர் வண்டியில் ஊரெல்லாம் சுற்றி வந்த கருவாட்டை என்ன செய்வீர்கள்? அப்படித்தான் வேண்டும் என்று நிற்பவரிடம் பாதிக் காசையாவது முன்னுக்கு வாங்குங்கள். உப்புவெளி, உவர்மலைப் பக்கத்துப் பழைய வாடிக்கையாளருக்கு இதெல்லாம் தேவையில்லை, கையில் கொடுத்துக் கையில் வாங்குங்கள்.