பழைய போர் விமானங்கள் தரையில் ஓடும்போதே விபத்துக்குள்ளாவது ஏன்? எல்லாம் விமானியின் பிழைதானா?

பெரும்பாலும் விமானியின் பிழைதான். ஆனால் எந்த நேரத்தில், எந்தப் பிழை என்று பார்த்தால்தான் பிரயோசனம்.

இரண்டாம் உலகப் போர்க்கால ஸ்பிட்பயர், மஸ்டாங், ஹார்வர்ட் எல்லாம் வாலுக்குக் கீழே சின்னச் சில்லு உள்ள வால் சில்லு விமானங்கள். பாரத்தின் மையம் முன் சில்லுகளுக்குப் பின்னால் இருக்கிறது. ஓடும்போது மூக்கு சற்றுத் திரும்பினாலும் அந்தப் பாரம் வாலை இன்னும் வெளியே தள்ளும். திருத்தப் பிந்தினால் விமானம் சுழன்றுவிடும். வெளிப்பக்கச் சில்லுக்கால் மடியும், இறக்கை நுனி தரையில் அடிபடும்.

இது கூடுதலாக நடப்பது தரை தொட்டு வேகம் குறையும்போது. காற்று போதாமல் சுக்கான் செயலிழக்கும், மிச்சம் பெரும்பாலும் பிரேக்தான். "இறங்கியாச்சு" என்று விமானி காலைத் தளர்த்துவதும் அப்போதுதான். மிதியைச் சட்டென்று அழுத்தி உடனே எடுக்க வேண்டும். அழுத்தியபடி வைத்திருந்தால் மற்றப் பக்கம் சுழலும். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப்படை அமைத்த எங்கள் யாழ்ப்பாணத்துப் பலாலி ஓடுபாதை வடகிழக்கு–தென்மேற்காகக் கிடக்கிறது. தென்மேற்குக் காற்றான சோளகம் ஏறக்குறைய நேராக வரும். மேற்குக் காற்றான கச்சான் அடிக்கும் நாளில்தான் சோதனை: மூக்கு காற்று வரும் பக்கம் இழுபடும்.

ஓடுபாதைக்குப் போகும் வழியிலும் ஆபத்து உண்டு. நீண்ட மூக்கு முன்பார்வையை மறைப்பதால், வளைந்து வளைந்து, இரு பக்கமும் எட்டிப் பார்த்துத்தான் நகர வேண்டும். ஸ்பிட்பயரிலோ இறக்கைக்குக் கீழுள்ள ரேடியேட்டருக்குத் தரையில் காற்று போதாது, எஞ்சின் கெதியாகச் சூடேறும். அந்த அவசரத்தில் வேகமாக ஓட்டித் திடீரென்று பிரேக் பிடித்தால் மூக்குக் குத்தி புரொப்பெல்லர் உடையும். பிரேக் பிடிக்கும்போது ஸ்டிக்கை வயிற்றோடு இழுத்து வைக்க வேண்டும். பின்காற்று பலமாக அடித்தால் மட்டும் முன்னே தள்ள வேண்டும், இல்லையேல் காற்று வாலைத் தூக்கும்.

இன்னொன்று பழக்கதோஷம். மெர்லின் எஞ்சின் ஸ்பிட்பயர் புறப்படும்போது இடப்பக்கம் இழுக்கும். கிரிபன் எஞ்சினின் புரொப்பெல்லர் எதிர்த்திசையில் சுற்றுவதால் அது வலப்பக்கம் இழுக்கும். பழைய பழக்கத்தில் சுக்கான் டிரிம்மை (சுக்கானை ஒரு பக்கம் சாய்த்து வைக்கும் அமைப்பை) வலப்பக்கம் வைத்துவிட்டு கிரிபனுக்கு முழு வலு கொடுத்தால் ஓடுபாதையை விட்டு வெளியே போய்விடும்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது லீவர் குழப்பம். 1943இல் அமெரிக்க உளவியலாளர் அல்போன்ஸ் சாபனிஸ், பி-17 குண்டுவீச்சு விமானிகள் தரையிறங்கிய பிறகு பிளாப்புக்குப் (இறக்கையின் பின்விளிம்பு மடலுக்குப்) பதிலாகச் சில்லை மடக்கிவிடுவதை ஆராய்ந்தார். இரண்டு கட்டுப்பாடுகளும் ஒரே மாதிரி, பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. சி-47 போக்குவரத்து விமானத்தில் அப்படி இல்லை, அங்கே இந்தப் பிழையும் இல்லை. சில்லு லீவருக்குச் சில்லு வடிவமும் பிளாப் லீவருக்கு ஆப்பு வடிவமும் கொடுப்பதே அவர் கண்ட வழி. பழைய விமானங்கள் பலவற்றில் இந்த வசதி கிடையாது. ஆகவே ஓடுபாதையை விட்டு விலகி முழுதாக நிற்கும்வரை எந்த லீவரையும் தொடக்கூடாது. நின்ற பிறகும் கையை வைத்து, கண்ணால் பார்த்து, பெயரை வாய்விட்டுச் சொல்லியே இழுக்க வேண்டும். சில்லில் பாரம் ஏறினால் லீவரைப் பூட்டும் சுவிட்ச் இருந்தாலும் நம்ப முடியாது. வேகமாக ஓடும்போது இறக்கையே பாரத்தைத் தாங்குவதால் அது பூட்டாமல் இருக்கலாம்.