கிங் ஜோடியில் ரெய்ஸ் செய்யத் தயங்க வேண்டாம்

நண்பரே, டெக்சாஸ் ஹோல்டெம் போக்கரில், 4-8 டாலர் லிமிட் மேசையில் (பந்தயம் முதல் இரண்டு சுற்றில் 4, பிறகு 8) கிங் ஜோடியோடு, அதாவது கையில் வந்த இரண்டு சீட்டும் கிங்காக இருந்தும், ரெய்ஸ் (பந்தயத்தை ஏற்றுவது) செய்யாமல் வெறும் கால் (பந்தயத்துக்கு ஈடாகப் போடுவது) மட்டும் போட்டு, கடைசியில் 8-5 வைத்திருந்தவரிடம் தோற்றதாக எழுதியிருக்கிறீர்கள். ரிவரில், அதாவது மேசையில் திறக்கும் ஐந்தாவது, கடைசிப் பொதுச் சீட்டில் வந்த 6-ஐ விடுங்கள், அது யார் கட்டுப்பாட்டிலும் இல்லை. தப்பு அதற்கு முன்பே இரண்டு இடத்தில் நடந்துவிட்டது.

முதலாவது, மூன்று பேர் கால் போட்ட பிறகும் நீங்கள் ரெய்ஸ் செய்யவில்லை. அதனால் பிக் பிளைண்டில் இருந்தவர் (சீட்டுப் பார்க்கும் முன்பே கட்டாயப் பந்தயம் வைத்தவர்) அந்த 8-5-ஐ வைத்துக்கொண்டு மேற்கொண்டு ஒரு காசு போடாமல் பிளாப் (முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டு) பார்த்தார்.

பிளாப் 9-7-4. பானையில், அதாவது நடுவில் சேர்ந்த பணத்தில், 22 டாலர். ஒருவர் 4 வைத்தார், மற்றவர்கள் விலகினார்கள், நீங்கள் டர்னில் (நான்காவது பொதுச் சீட்டில்) ஏற்றிப் பிடித்துக்கொள்ளலாம் என்று கால் மட்டும் போட்டீர்கள். இங்கேதான் எனக்கு வருத்தம். பிக் பிளைண்ட்காரர் 30 டாலரை வெல்ல 4 போட்டால் போதும் என்று ஆகிவிட்டது. நீங்கள் 8 ஆக ஏற்றியிருந்தால் 34-ஐ வெல்ல 8 போட வேண்டும். தெரியாத 47 சீட்டில் அவருக்கு 5-6-7-8-9 என்று வரிசை சேர்த்து உதவுவது நாலே நாலு 6, மீதி 43-ம் வீண். அந்த விலைக்கு வந்தால் வரட்டுமே, லாபம் உங்களுக்குத்தான்!

ஏஸ் பயமா? கிங் ஜோடி இருக்கும்போது பிளாப்பில் ஏஸ் வருவது நூற்றுக்குச் சுமார் 23 தடவைதான். வந்தாலும் எதிரே ஒருவர் மட்டும் என்றால் பெரும்பாலும் கால் போட்டுக் கடைசிவரை பாருங்கள். இரண்டு பேர் மாறி மாறி ஏற்றினால் மட்டும் சீட்டைக் கீழே வைத்துவிடுங்கள்.