முட்டிக்குள் எந்த ஜவ்வு? கொடையாளர் குருத்தெலும்பு பற்றிக் கேள்வி பதில்

மூட்டு அறுவை சிகிச்சை செய்கிறவன் நான். இறந்தவரிடமிருந்து தானமாகப் பெற்ற குருத்தெலும்பை முட்டியில் பொருத்துவது பற்றிக் கேளுங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: டாக்டர், வயது 27. கால்பந்து ஆடும்போது முட்டி திரும்பி, ஜவ்வு போய்விட்டது. இறந்தவருடைய ஜவ்வை வைக்கலாம் என்கிறார்களே, நிஜமா?

பதில்: நிஜம்தான். ஆனால் எந்த ஜவ்வு? முட்டிக்குள் இருக்கும் மூன்று பொருளுக்கும் நாம் ஒரே பெயரை வைத்துக்கொண்டு திண்டாடுகிறோம். எலும்பு நுனியில் வழவழவென்று படிந்திருக்கும் வெள்ளைப் பரப்பு குருத்தெலும்பு. பெரும்பாலும் 2 முதல் 4 மில்லிமீட்டர் கனம்தான். இரண்டு எலும்புக்கும் நடுவே பிறை மாதிரி கிடப்பது மெனிஸ்கஸ். எலும்பை எலும்போடு இழுத்துக் கட்டும் கயிறு லிகமென்ட். மூன்றையுமே கொடையாளரிடமிருந்து எடுத்து வைக்க முடியும், ஆனால் மூன்றும் வேறு வேறு ஆபரேஷன். ரிப்போர்ட்டில் எது என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: குருத்தெலும்பை எப்படி ஒட்டுகிறார்கள்? பிய்த்துக்கொண்டு வராதா?

பதில்: நல்ல கேள்வி. குருத்தெலும்பில் ரத்தக் குழாய் கிடையாது, அதனால் அதைத் தனியாக உரித்து வைத்தால் ஒட்டாது. ஒருமுறை அழிந்தால் திரும்ப வளராது என்று உடற்கூறு ஆராய்ந்த மருத்துவர் வில்லியம் ஹண்டர் 1743-லேயே எழுதிவிட்டார். ஆனால் எலும்பு எலும்போடு சேரும். அந்தக் குணத்தை நம்பித்தான் இந்த வேலையே நடக்கிறது.

கெட்டுப்போன இடத்தை வட்டமாகக் குடைந்து, 6 முதல் 8 மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு குழி செய்வோம். குழியின் நான்கு பக்க ஆழத்தையும் தனித்தனியே அளந்து எழுதிக்கொள்வோம், ஏனென்றால் முட்டி தட்டையாக இருப்பதில்லை. கொடையாளர் எலும்பில் அதே வளைவு உள்ள இடத்தைத் தேடி, கடிகாரத்தில் 12 இருக்கும் இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டு, அடி எலும்போடு சேர்த்து ஒரு வில்லையை வெட்டி எடுப்போம். அப்புறம் அந்த எலும்பிலிருக்கும் மஜ்ஜையும் ரத்தமும் போகும்வரை உப்புநீரைப் பீய்ச்சிக் கழுவ வேண்டும். சிவப்பாக இருந்தது வெளுத்துவிடும். கட்டைவிரலால் அழுத்தினாலே வில்லை குழியில் இறங்க வேண்டும். சுத்தியலால் ஓங்கித் தட்டினால் உள்ளே உயிரோடிருக்கும் செல்கள் செத்துப்போகும். விரலால் தடவும்போது விளிம்பு தட்டினால் அது சரியாக உட்காரவில்லை என்று பொருள்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: நின்றபடி எடுத்த முழுக்கால் எக்ஸ்ரே பார்க்காமல் யாரும் இதற்குத் தேதி குறிக்கக் கூடாது. கால் வளைந்திருந்தால் பாரம் முழுவதும் ஒரே பக்கம் இறங்கி, புதிய வில்லையையும் தேய்த்துவிடும். முதலில் எலும்பை வெட்டிக் காலை நேராக்க வேண்டும், அல்லது இரண்டையும் சேர்த்துச் செய்ய வேண்டும்.

கேள்வி: ரத்தப் பிரிவு பொருந்த வேண்டுமா? சிறுநீரகம் மாற்றியவர்கள் மாதிரி ஆயுள் முழுக்க மாத்திரையா?

பதில்: இரண்டுமே வேண்டாம். குருத்தெலும்பின் செல்கள் கெட்டியான பொருளுக்குள் புதைந்திருப்பதால் நம் உடம்பின் காவல் செல்கள் கண்ணில் படுவதில்லை. எலும்பை அவ்வளவு கழுவுவதும் இதற்காகத்தான். அளவும் வளைவும் பொருந்த வேண்டும்.

கேள்வி: அம்மாவுக்கு 68. இரண்டு முட்டியும் முழுக்கத் தேய்ந்துவிட்டது. இது உதவுமா?

பதில்: உதவாது. இது ஓரிடத்தில் மட்டும் பள்ளம் விழுந்த முட்டிக்கு. அவருக்கு மூட்டு மாற்று பற்றிக் கேளுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 64, ஜவ்வு தேய்ந்து...

பதில்: முந்தைய பதில்.

கேள்வி: கொடையாளருக்காக மாதக்கணக்கில் காத்திருக்கிறேன். ஃப்ரீசரில் சேமித்து வைத்தால் என்ன?

பதில்: உறைந்தால் செல்கள் சாகும். இதை 4 டிகிரி குளிரில்தான் வைக்க முடியும். கிருமிச் சோதனைக்கே ஏறக்குறைய இரண்டு வாரம் போய்விடும். வழக்கமாக 28 நாளுக்குள் பொருத்திவிட வேண்டும். அதனால்தான் திடீரென்று கூப்பிடுவார்கள்.

அவரே: என் நண்பனுக்கு உறைய வைத்த ஜவ்வைத்தான் வைத்தார்கள். நன்றாக நடக்கிறான். மாற்றிப் பேசுகிறீர்களே?

பதில்: எந்த ஜவ்வு?! அது மெனிஸ்கஸாக இருக்கும். அதை உறைய வைக்கலாம். செத்த திசு கட்டடத்துக்குக் கட்டிய சாரம் மாதிரி நிற்கும், அதற்குள் உங்கள் செல்கள் நுழைந்து குடியேறிவிடும். குருத்தெலும்பில் அப்படி யாரும் குடிவருவதில்லை. கொடையாளரின் செல்தான் கடைசிவரை வேலை பார்க்க வேண்டும்.

இன்னொருவர்: செல் செத்தாலும் பரப்பு வழவழப்பாகத்தானே இருக்கும்?

பதில்: கொஞ்ச காலம் இருக்கும். ஆளில்லாத வீடு மாதிரி. பராமரிக்க ஆள் இல்லாவிட்டால் சுவர் மெல்ல உதிரும்.

மற்றொருவர்: செல்லை உயிரோடு வைத்தால் கிருமியும் உயிரோடு இருக்குமே, டாக்டர்?

பதில்: சரியான அடி. மறுக்க மாட்டேன். 2001-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் இதே சிகிச்சை செய்துகொண்ட 23 வயது இளைஞர் சில நாட்களில் இறந்துபோனார். திசுவோடு வந்த கிளாஸ்ட்ரிடியம் கிருமிதான் காரணம். திசுவைக் கடுமையான முறையில் கொதிக்க வைத்தோ கதிர்வீச்சில் காட்டியோ கிருமி நீக்கினால் செல்லும் போய்விடும். ஆகவே சோதித்துச் சோதித்துத்தான் வாங்க முடியும். அந்த இரண்டு வாரத்தைக் குறைக்கச் சொல்லாதீர்கள். திசு வங்கிக்கு முறையான அங்கீகாரம் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

கேள்வி: எத்தனை வருடம் தாங்கும்?

பதில்: பத்து வருடம் கழித்துப் பார்த்தால் சுமார் நான்கில் மூன்று பேருக்கு வேலை செய்துகொண்டிருக்கும். முட்டிச்சில்லில் வைத்தால் பலன் கொஞ்சம் குறைவு. காலை நேராக்காமல் வைத்தால்... எக்ஸ்ரே, எக்ஸ்ரே.

கேள்வி: எப்போது ஓடலாம்?

பதில்: சுமார் 6 வாரம் ஊன்றுகோல். ஓட்டம் அரை வருடத்துக்கு அப்புறம், குதிக்கிற விளையாட்டுக்கு அதைவிட அதிகம்.

கேள்வி: பாட்டிக்கு 74, முட்டி தேய்மானம்...

பதில்: மேலே இரண்டு முறை சொல்லிவிட்டேன்.

முதலில் கேட்டவர்: டாக்டர், ரிப்போர்ட் பார்த்தேன். முன்பக்க லிகமென்ட் கிழிந்திருக்கிறதாம். குருத்தெலும்பும் மெனிஸ்கஸும் நன்றாக இருக்கிறதாம்.

பதில்: அப்படியானால் இவ்வளவு நேரம் பேசியது உங்களுக்கில்லை, தம்பி. உங்கள் வயதுக்குப் பெரும்பாலும் உங்கள் தொடையிலிருந்தே தசைநாரை எடுத்துக் கட்டிவிடுவார்கள்.